டெஸ் பிரையன்ட் பிடிச்சது கேட்சா இல்லையா? அமெரிக்கன் ஃபுட்பாலோட தீராத சண்டை, புதுசா பாக்குறவங்களுக்காக

அமெரிக்கன் ஃபுட்பால் புதுசா பாக்க ஆரம்பிக்கிற எல்லாரும் ரெண்டாவது மூணாவது மேட்சுலயே இந்தக் கேள்விக்கு வந்துடுவாங்க: அந்த ஆளு பந்தைப் பிடிச்சாரே, நம்ம கண்ணாலயே பாத்தோமே, அப்புறம் எப்படி ரெஃப்ரி கேட்ச் இல்லன்னு சொல்றாரு? கேக்க ரொம்ப சாதாரண கேள்வி மாதிரி தான் இருக்கும். ஆனா அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய தொழில்முறை லீக்கான என்எஃப்எல் இந்த ஒரு கேள்விக்கு உருப்படியா பதில் எழுத முடியாம வருஷக்கணக்கா திண்டாடுச்சு, பிளேஆஃப் மேட்சுல ஜெயிக்க வேண்டியது நாங்கதான்னு ஒரு ஊரே இன்னைக்கு வரைக்கும் பொருமிட்டு இருக்கு. டல்லாஸ் கவ்பாய்ஸ் ஃபேன் யார்கிட்டயாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்க, பத்து நிமிஷத்துல "டெஸ் காட் இட்", அதாவது எங்க டீம் ஆளு டெஸ் பிரையன்ட் அதைப் பிடிச்சுட்டாருன்னு வந்து நிப்பாங்க, அதுக்குன்னு டிஷர்ட்டே இருக்கு. அந்த சண்டை எதைப் பத்தினதுன்னு முதல்ல இருந்து சொல்றேன், அது புரிஞ்சுட்டா இந்த ஆட்டத்துல நடக்குற ரெஃப்ரி சண்டைகள்ல பாதி புரிஞ்ச மாதிரி.

முதல்ல அடிப்படை, வேகமா. ஒரு நேரத்துல ஒரு டீமுக்கு 11 பேர் களத்துல. நீளம் 100 யார்டு, ரெண்டு முனையிலயும் 10 யார்டு எண்ட் ஸோன், பந்தோட அங்க போயிட்டா டச்டவுன், 6 பாயின்ட். பந்து கையில இருக்கிற டீமுக்கு நாலு சான்ஸ், ஒவ்வொண்ணுக்கும் டவுன்னு பேரு, நாலுக்குள்ள 10 யார்டு முன்னாடி போயிட்டா புதுசா நாலு கிடைக்கும், இதைத்தான் ஃபர்ஸ்ட் டவுன் கிடைச்சதுன்னு சொல்லுவாங்க, போகலன்னா பந்து எதிர் டீமுக்குப் போயிடும். குவார்ட்டர்பேக்னு ஒருத்தர் பந்தை எறிவாரு, ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பாரு. பிடிக்காம கீழ விழுந்துட்டா அது இன்கம்ப்ளீட், பந்து பழைய இடத்துக்கே திரும்பி வரும், ஒரு டவுன் வீணாப் போச்சு. ஆனா பிடிச்சு முடிச்சதுக்கு அப்புறம் கையை விட்டு நழுவினா அது ஃபம்பிள், யாரு வேணா பாஞ்சு எடுத்துக்கலாம். ஆக பந்து தரையில உருளுது, அது எந்த நொடியில இருந்து "பிடிச்ச பந்து" ஆச்சுன்னு ஒருத்தர் சொல்லியாகணும், ஏன்னா அந்த நொடிக்கு முன்னாடின்னா ஒரு தீர்ப்பு பின்னாடின்னா அப்படியே தலைகீழா இன்னொரு தீர்ப்பு.

இப்ப அந்த மேட்சுக்கு வருவோம். 2015 ஜனவரி 11, விஸ்கான்சின்ல கிரீன் பே ஊர்ல லாம்போ ஃபீல்டு மைதானம், பேக்கர்ஸுக்கும் கவ்பாய்ஸுக்கும் பிளேஆஃப் மேட்ச், தோத்தா சீசன் அங்கயே முடிஞ்சுது. நாலாவது குவார்ட்டர், மேட்ச் முடிய நாலு நிமிஷத்துக்கு மேல இருக்கு, பேக்கர்ஸ் 26, கவ்பாய்ஸ் 21. கவ்பாய்ஸுக்கு நாலாவது டவுன், இன்னும் 2 யார்டு வேணும், பந்து பேக்கர்ஸோட 32 யார்டு கோட்டுல இருக்கு. எல்லாரும் ரெண்டு யார்டுக்கு ஏதாவது சின்னதா பண்ணுவாங்கன்னு நினைச்சிட்டு இருக்கும்போது கவ்பாய்ஸ் குவார்ட்டர்பேக் டோனி ரோமோ இடது ஓரமா நீளமா தூக்கி எறிஞ்சாரு ரிசீவர் டெஸ் பிரையன்ட்டுக்கு. பிரையன்ட் கூடவே ஓடினது சாம் ஷீல்ட்ஸ்ங்கிற பேக்கர்ஸ் டிஃபெண்டர்.

இந்த இடத்தை மெதுவாப் பாக்கணும். பிரையன்ட் ஷீல்ட்ஸ் தலைக்கு மேல எகிறுறாரு, பந்து ரெண்டு கைக்குள்ள வருது. கால் தரையில படுது, ஒண்ணு, ரெண்டு, மூணு, அதுக்குள்ள ஷீல்ட்ஸ் மேல இடிச்சதுல உடம்பு முன்பக்கமா சரிஞ்சுட்டே இருக்கு. சரிஞ்சுகிட்டே பந்தை இடது கைக்கு மாத்துறாரு, அந்தக் கையை கோல் லைன், அதாவது எண்ட் ஸோன் ஆரம்பிக்கிற கோட்டுப் பக்கம் நீட்டுறாரு, முழங்கை தரையில அடிக்குது, பந்தோட முனை தரையில பட்டு ஒரு துள்ளு துள்ளுது, அந்தரத்துல ஒரு கணம் யார் கையிலயும் இல்ல, அவரு உருண்டுகிட்டே அதைத் திரும்ப மார்போட அணைச்சுக்கிறாரு. இது முழுசும் ரெண்டு மூணு செகண்டுக்குள்ள முடிஞ்சுடுச்சு. களத்துல இருந்த அதிகாரி கேட்ச்னு தான் சொன்னாரு, எண்ட் ஸோனுக்கு ஒரு யார்டு முன்னாடியே விழுந்துட்டாருன்னு அங்க பந்தை வச்சாங்க. டச்டவுன்னு சொல்லியிருந்தா ரீப்ளே தானாவே பாத்திருப்பாங்க, ஆனா ஒரு யார்டு குறைவுன்னு சொன்னதால பேக்கர்ஸ் கோச் மைக் மெக்கார்த்தி சிவப்புக் கொடியைத் தூக்கிப் போட வேண்டி வந்துச்சு, அதுதான் சேலஞ்ச். ரெஃப்ரி ஜீன் ஸ்டெரட்டோர் ஓரமா போய் ரீப்ளே பாத்துட்டு வந்து, ரிசீவர் கேட்ச்சை முழுசா முடிக்கல, இன்கம்ப்ளீட்டுன்னு அறிவிச்சாரு. நாலாவது டவுன் போச்சு, பந்து பேக்கர்ஸ் கைக்குப் போச்சு, அவங்க குவார்ட்டர்பேக் ஆரன் ரோட்ஜர்ஸ் மிச்ச நேரம் முழுக்க பந்தை விடாம வச்சிருந்து மேட்சை முடிச்சுட்டாரு. ஸ்கோர் அதே 26-21.

சரி, ரூல் என்ன சொல்லிச்சு அப்போ? மூணு விஷயம் வேணும்னு சொல்லிச்சு. ஒண்ணு, பந்து கையிலயோ கைக்குள்ளயோ கட்டுப்பாட்டுல இருக்கணும். ரெண்டு, ரெண்டு காலும் கோட்டுக்கு உள்ள தரையில படணும், இல்லன்னா கையைத் தவிர உடம்போட வேற ஏதாவது பாகம் படணும். மூணு, அதுக்கப்புறமும் பந்தை இவ்வளவு நேரம் வச்சிருக்கணும், என்னன்னா ஆட்டத்துல சகஜமா பண்ற ஒரு காரியத்தைப் பண்ற அளவுக்கு நேரம், அதாவது திரும்புறது, ஓடுறது, தள்ளுறது, கையை நீட்டுறது இந்த மாதிரி. ஃபேன்ஸ் இதை ஃபுட்பால் மூவ்னு சொல்லுவாங்க. இந்த மூணுக்கும் அடியில இன்னொரு வரி இருந்துச்சு, வினையே அதுலதான்: பிடிக்கும்போதே கீழ விழுந்துட்டு இருந்தீங்கன்னா, தரையில மோதி முடியுற வரைக்கும் பந்து கையில அசையாம இருக்கணும், நடுவுல நழுவி தரையில பட்டுட்டா கேட்ச் இல்ல.

நம்ம ஆளுங்களுக்கு இது டக்குனு புரிய ஒரு கிரிக்கெட் விஷயம் போதும். 1999 உலகக்கோப்பை, ஹெடிங்லி மைதானம், ஹெர்ஷல் கிப்ஸ் ஸ்டீவ் வாஹ் அடிச்ச பந்தை அழகா கையில வாங்கிட்டாரு, வாங்கின வேகத்துலயே சந்தோஷத்துல மேல தூக்கிப் போடப் போயி நழுவ விட்டுட்டாரு, அவுட் இல்ல. பந்து கைக்கு வந்தது உண்மை, ஆனா அது கட்டுப்பாட்டுல இருந்துச்சான்னு அம்பயர் முடிவு பண்ண வேண்டி வந்துச்சு. அமெரிக்கன் ஃபுட்பால்ல இந்த மாதிரி கேள்வி ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருது, அதுவும் மேல ஒருத்தன் பாஞ்சு விழுந்துட்டு இருக்கும்போது.

இப்ப ஃபேன்ஸ் சண்டைக்கு வரேன், ஏன்னா இதைத்தான் நிறைய பேரு குழப்பிக்கிறாங்க. டெஸ் பிரையன்ட் பத்தி ரெண்டு பேரு கத்திட்டு இருக்காங்கன்னா கவனிச்சுப் பாருங்க, பெரும்பாலும் ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்லிட்டு இருப்பாங்க. ஒருத்தர் என்ன நடந்துச்சுன்னு பேசுவாரு, பந்து தரையில பட்டுச்சு பாரு, துள்ளுச்சு பாருன்னு. இன்னொருத்தர் ரூல்ல என்ன எழுதியிருக்குன்னு பேசுவாரு, மூணு அடி வச்சாரு, கையை நீட்டினாரு, அதுதானே ஃபுட்பால் மூவ், அதோட கேட்ச் முடிஞ்சுது, அப்புறம் தரையில பட்டா என்ன படலன்னா என்னன்னு. மூணாவதா ஒருத்தர் வந்து, எந்தப் பார்க்குல எந்தப் பையன் அப்படிப் பிடிச்சாலும் கேட்ச்னு தான் சொல்லுவான், அதை இல்லன்னு சொல்ற ரூலே குப்பைன்னு சொல்லுவாரு. மூணும் நியாயமான பேச்சு தான், ஆனா மூணும் தனித்தனி. முதல் கேள்விக்கு இங்க சண்டையே கிடையாது, பந்து தரையில பட்டது பளிச்சுன்னு தெரிஞ்சுது. கவ்பாய்ஸ் ஃபேன்ஸே அதை மறுக்க மாட்டாங்க. சண்டை முழுக்க ரெண்டாவது கேள்வியில இருக்கு, அவரு எகிறி இறங்கினதுல இருந்து கடைசி வரைக்கும் விழுந்துட்டே தான் இருந்தாரா, இல்ல நடுவுல ஒரு கணம் கேட்ச் முடிஞ்சு ஓடுற ஆளா மாறிட்டாரா?

பேக்கர்ஸ் பக்கத்து வாதம் பலவீனமானதுன்னு நினைக்காதீங்க. அவங்க சொல்றது, அந்த மூணு அடியும் அவரு வச்ச அடி இல்ல, விழாம இருக்க உடம்பு தானா போட்ட அடி, ஷீல்ட்ஸ் இடிச்ச நொடியில இருந்தே பேலன்ஸ் போயிடுச்சு, அப்ப அவரு விழுந்துட்டு இருந்த ஆளு தானே, விழுறவனுக்குன்னு எழுதின ரூல் தானே அவருக்குப் பொருந்தும். லீக்ல அப்போ அதிகாரிகளுக்குத் தலைவரா இருந்த டீன் பிளாண்டினோவும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னாரு: கையை நீட்டினது ஃபுட்பால் மூவ்னு ஏத்துக்கிற அளவுக்குத் தெளிவா இல்லன்னு.

அந்த "அளவுக்கு"ங்கிற இடத்துல தான் எனக்குக் கோபம் வருது. ரீப்ளேன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? என்எஃப்எல்ல 1986-ல கொண்டு வந்தாங்க, 1991 சீசனோட நிறுத்தினாங்க, 1999-ல திரும்பக் கொண்டு வந்தாங்க, அது இருக்கிற காரணமே மனுஷக் கண்ணு தவற விடுறதை கேமரா பிடிச்சுக் காட்டும்னு தான். கால் கோட்டை மிதிச்சுதா, முழங்கால் முன்னாடி பட்டுச்சா பந்து முன்னாடி வெளிய வந்துச்சா, இதெல்லாம் ஃபிரேமை நிறுத்திப் பாத்தா தெரியுற விஷயம். கையை நீட்டினது போதுமான அளவுக்கு இருந்துச்சான்னு எந்த ஃபிரேம்ல தெரியும்? அது கணிப்பு. களத்துல நின்னு முழு வேகத்துல பாத்தவரு ஒரு கணிப்பு சொல்லிட்டாரு, கேட்ச்னு. அதை மாத்தணும்னா சந்தேகத்துக்கு இடமே இல்லாத வீடியோ ஆதாரம் வேணும்னு லீக்கே எழுதி வச்சிருந்துச்சு. பந்து தரையில பட்டதுக்கு அப்படி ஆதாரம் இருந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா அவரு கடைசி வரைக்கும் "விழுந்துட்டே இருந்தாரு"ங்கிறதுக்கு அந்த மாதிரி ஆதாரம் எங்க இருந்துச்சு? லட்சக்கணக்கான பேரு அதே வீடியோவைப் பாத்து ரெண்டு பக்கமா பிரிஞ்சு நிக்கிறாங்கன்னா அது சந்தேகத்துக்கு இடமில்லாததா எப்படி இருக்க முடியும். அதனால என் கருத்து இதுதான்: ரூலைப் பத்தி ஆயிரம் பேசுங்க, அன்னைக்குக் களத்துல சொன்ன தீர்ப்பு அப்படியே நின்னிருக்கணும்.

ஸ்லோ மோஷன் இந்த மாதிரி விஷயத்துல உதவி பண்றதை விட கெடுக்குறது தான் அதிகம்னும் நான் நினைக்கிறேன். ஒரு செகண்டை பத்து செகண்டா இழுத்துப் பாத்தா பந்து கையில அசையுற ஒவ்வொரு சின்ன அசைவும் பெருசா தெரியும், அதே நேரம் ஒருத்தர் வேணும்னு அடி வச்சாரா தடுமாறி வச்சாரான்னு புரியுற அந்த வேகமும் ஓட்டமும் காணாமப் போயிடும். அதனால அவரு விழுந்துட்டே தான் இருந்தாருன்னு பாக்கத் தோணும்.

கவ்பாய்ஸ் ஃபேன்ஸ்கிட்ட ரெண்டு விஷயம் நியாயமா சொல்லியாகணும். ஒண்ணு, கேட்ச் கொடுத்திருந்தா மேட்ச் ஜெயிச்சிருப்போம்னு சொல்றது கொஞ்சம் ஓவர். ஒரு யார்டுல இருந்து டச்டவுன் போட்டு முன்னாடி போயிருந்தாலும் நாலு நிமிஷம் கையில வச்சுட்டு எதிர்ப்பக்கம் ரோட்ஜர்ஸ் நிக்கிறாரு, கெண்டைக்கால் காயத்தோட நொண்டிகிட்டே தான் ஆடினாரு, இருந்தாலும் ரோட்ஜர்ஸ் ரோட்ஜர்ஸ் தான். ரெண்டாவது, அதுக்கு ஒரே வாரம் முன்னாடி 2015 ஜனவரி 4-ல டெட்ராய்ட் லயன்ஸ் கூட நடந்த மேட்சுல கவ்பாய்ஸ் மேல பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்னு, அதாவது பந்து வரும் முன்னாடியே ரிசீவரைத் தடுத்தாங்கன்னு, அதிகாரி தப்பைக் காட்டுற கொடியைப் போட்டாரு, அறிவிச்சும் முடிச்சாங்க, அப்புறம் அதிகாரிகள் கூடிப் பேசி கொடியைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க, கவ்பாய்ஸ் 24-20 ஜெயிச்சுது. லயன்ஸ் ஃபேன்ஸுக்கு டெஸ் பிரையன்ட் விஷயத்துல இரக்கம் வரலன்னா அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

அதுவும் லயன்ஸ் ஃபேன்ஸ் இந்தக் கேட்ச் ரூலால ஏற்கனவே அடிபட்டவங்க. 2010 செப்டம்பர் 12, சிகாகோ சோல்ஜர் ஃபீல்டு, பேர்ஸ் 19 லயன்ஸ் 14, அரை நிமிஷம் கூட இல்ல. ஷான் ஹில் எறிஞ்ச பந்தை எண்ட் ஸோன்ல கால்வின் ஜான்சன் எகிறிப் பிடிச்சாரு, ரெண்டு காலும் பட்டுச்சு, உக்காந்த மாதிரி விழுந்தாரு, பந்து இருந்த கையைத் தரையில ஊணி எழுந்து கொண்டாட ஓடினாரு, பந்தை அங்கயே விட்டுட்டாரு. விழுறது முடியுறதுக்குள்ள பந்து கையை விட்டுப் போச்சுன்னு சொல்லி இன்கம்ப்ளீட். லயன்ஸ் அந்த மேட்ச் தோத்தாங்க. அன்னைக்கும் ரெஃப்ரி அதே ஜீன் ஸ்டெரட்டோர் தான், விதியைப் பாருங்க. கால்வின் ஜான்சன் ரூல்னே அதுக்குப் பேரு வந்துடுச்சு.

அதுக்கும் முன்னாடி 2000 ஜனவரியில டாம்பா பே பக்கனீர்ஸ் ஆளு பெர்ட் இமானுவேல் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு எதிரா கடைசி நிமிஷத்துல பிடிச்ச பந்தோட முனை தரையைத் தொட்டுச்சுன்னு ரீப்ளேல பாத்து எடுத்துட்டாங்க, பக்கனீர்ஸ் 11-6 தோத்தாங்க. அதுக்கப்புறம் தான் பந்து தரையில பட்டாலும் கை கட்டுப்பாடு குலையாம இருந்தா கேட்ச் செல்லும்னு தெளிவு பண்ணாங்க. ஆக ஒரு பெரிய அநியாயம் நடக்கும், ரூல்ல ஒரு வரி சேப்பாங்க, அந்த வரியே பத்து வருஷம் கழிச்சு அடுத்த சண்டைக்கு விதை போடும். இந்த லீக்கோட பழக்கமே இதுதான்.

டெஸ் பிரையன்ட் விஷயத்துக்கு அப்புறமும் அதே கதை தான். 2015-ல வார்த்தையை மாத்தி, ரிசீவர் தெளிவா ஓட்டக்காரரா மாறியிருக்கணும்னு எழுதினாங்க, விழுறவனுக்கான வரி அப்படியே இருந்துச்சு, குழப்பம் கூடிச்சே தவிர குறையல. அப்புறம் 2017 டிசம்பர் 17, பிட்ஸ்பர்க். ஸ்டீலர்ஸுக்கும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கும் மேட்ச், பேட்ரியட்ஸ் 27-24 முன்னாடி, 28 செகண்டு மிச்சம். ஸ்டீலர்ஸ் ஆளு ஜெஸ்ஸி ஜேம்ஸ் பந்தைப் பிடிச்சு, முழங்கால் தரையில, அப்படியே திரும்பிக் கையை நீட்டி கோல் லைனைத் தாண்டிட்டாரு, களத்துல டச்டவுன் கொடுத்துட்டாங்க, ஸ்டேடியமே குதிக்குது. ரீப்ளேல கையை நீட்டி விழும்போது பந்து தரையில பட்டு லேசா புரண்டது தெரிஞ்சுது, கேன்சல். அந்த சீசன்ல இருந்து ரீப்ளே முடிவு லீக்கோட நியூயார்க் ஆபீஸ்ல இருந்து வர ஆரம்பிச்சிருந்துச்சு, அதனால திட்டு முழுக்க அங்க போச்சு. ரெண்டு டவுன் கழிச்சு பென் ராத்லிஸ்பர்கர் எறிஞ்ச பந்தை எதிர் டீமே பிடிச்சுட்டாங்க, அதுக்கு இன்டர்செப்ஷன்னு பேரு, ஸ்டீலர்ஸ் தோத்துட்டாங்க. இதுல ஒரு கூடுதல் தகவல், அதே நாள் ராத்திரி கவ்பாய்ஸ் மேட்சுல ஸ்டெரட்டோர் பந்துக்கும் அளவுக் குச்சிக்கும் நடுவுல ஒரு பேப்பர் கார்டை மடிச்சு வச்சு ஃபர்ஸ்ட் டவுன் அளந்தாரு, இந்த தடவை கவ்பாய்ஸுக்கு சாதகமா, அது வேற தனி சண்டையா ஓடுச்சு.

ஜெஸ்ஸி ஜேம்ஸ் விஷயத்துல நான் டெஸ் பிரையன்ட்டுக்கு சொன்னதை சொல்ல மாட்டேன். அன்னைக்கு இருந்த ரூலை வச்சுப் பாத்தா அவரு விழுந்துகிட்டே பிடிச்சாரு, முழங்காலோட திரும்பினதை ஓட்டக்காரர் ஆயிட்டாருன்னு சொல்ல இடமில்ல, பந்து புரண்டது கண்ணுல தெரிஞ்சுது. அங்க குத்தம் முழுசா ரூல் மேல தான். ஃபேன்ஸ் ரெண்டையும் ஒரே கூடையில போட்டுப் பேசுறாங்க, அது சரியில்ல.

இது நடந்து ரெண்டு மாசம் கூட ஆகல, 2018 பிப்ரவரி 4, சூப்பர் பவுல், அதாவது சீசனோட இறுதிப் போட்டி. ரெஃப்ரி யாருன்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க, ஸ்டெரட்டோர். கடைசி இரண்டரை நிமிஷத்துல ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஆளு ஸாக் எர்ட்ஸ் பிடிச்சு, மூணு அடி ஓடி, கோல் லைன் மேல பாஞ்சு விழுந்தாரு, விழுந்ததும் பந்து கையை விட்டு எகிறி திரும்ப கைக்கு வந்துச்சு. உலகமே மூச்சைப் பிடிச்சுட்டு ரீப்ளேக்குக் காத்திருந்துச்சு. எர்ட்ஸ் முன்னாடியே ஓட்டக்காரர் ஆயிட்டாரு, கோட்டைத் தாண்டின நொடியிலயே டச்டவுன் முடிஞ்சுதுன்னு சொல்லி அதை அப்படியே விட்டாங்க. ஈகிள்ஸ் 41-33 ஜெயிச்சாங்க. சரியான தீர்ப்பு தான், ஆனா கவ்பாய்ஸ் ஃபேன் எவனாவது அன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்கியிருப்பான்னு எனக்குத் தோணல, அதுவும் ஜெயிச்சது அவங்க பரம எதிரி ஈகிள்ஸ்.

அடுத்த மாசமே, 2018 மார்ச்ல, லீக்ல இருக்கிற 32 டீமும் ஒருமனதா ரூலை மாத்தினாங்க. விழுறவனுக்கான அந்த வரியையே தூக்கிட்டாங்க. இப்ப கட்டுப்பாடு வேணும், ரெண்டு காலோ உடம்புல வேற பாகமோ உள்ள படணும், மூணாவதா ஒரு ஃபுட்பால் மூவ் வேணும்: மூணாவது அடி வைக்கிறது, ஃபர்ஸ்ட் டவுன் கோட்டை நோக்கியோ கோல் லைனை நோக்கியோ கையை நீட்டுறது, இல்ல அப்படி ஏதாவது பண்றதுக்குத் தேவையான நேரம் பந்தை வச்சிருக்கிறது. டெஸ் பிரையன்ட், கால்வின் ஜான்சன் ரெண்டு பேரும் பிடிச்சது கேட்ச் ஆகணும், அதுக்கு ஏத்த மாதிரி ரூல் எழுதணும்னு தான் லீக்கோட ரூல் கமிட்டியே வேலை பாத்துச்சு. அதாவது லீக்கே மூணாவது கேள்விக்கு, ரூல் எப்படி இருக்கணும்ங்கிற கேள்விக்கு, ஃபேன்ஸ் சொன்ன பதிலை ஏத்துக்கிச்சு. புதுசா எழுதினதும் நல்லாத்தான் வேலை செய்யுது, மூணாவது அடின்னு எண்ணக் கூடிய ஒரு விஷயத்தை உள்ள வச்சது தான் அதுக்குக் காரணம்னு நினைக்கிறேன், எண்ணுறதுக்கு கேமரா உதவும்.

கணிப்பை கேமரா கையில கொடுத்தா என்ன ஆகும்னு அடுத்த வருஷமே இன்னொரு பக்கத்துல பாத்துட்டோம். 2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸ், அந்த ஊர் டீம் செயின்ட்ஸுக்கும் ராம்ஸுக்கும் மேட்ச், ஜெயிச்சா சூப்பர் பவுல், ஸ்கோர் 20-20, ரெண்டு நிமிஷத்துக்கும் கம்மி. செயின்ட்ஸ் குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ் எறிஞ்ச பந்து ரிசீவர் டாமிலீ லூயிஸ் கிட்ட வந்து சேரும் முன்னாடியே ராம்ஸ் ஆளு நிக்கல் ரோபி-கோல்மன் மோதித் தள்ளிட்டாரு. பந்து வரும் முன்னாடி ரிசீவரை மோதக் கூடாது, அதுதான் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், ரூல்ல ரொம்ப அடிப்படையானது. யாரும் கொடி போடல. மோதினவரே மேட்ச் முடிஞ்சு சீக்கிரமே மோதிட்டேன்னு ஒத்துக்கிட்டாரு. ராம்ஸ் ஓவர்டைம்ல 26-23 ஜெயிச்சு சூப்பர் பவுல் போயிட்டாங்க. நியூ ஆர்லியன்ஸ் ஜனங்க கோர்ட்டுக்கே போனாங்க, லூசியானா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் தள்ளுபடி ஆச்சு. டெஸ் பிரையன்ட் கதைக்கு இது நேர் எதிர், அங்க சொன்னதை மாத்தினாங்க, இங்க சொல்ல வேண்டியதை யாரும் சொல்லவே இல்ல. அப்போ இருந்த விதிப்படி கொடி போடாததை ரீப்ளேல பாக்க வழியும் இல்ல.

அந்தக் கோபத்துல 2019 சீசனுக்கு மட்டும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் ரீப்ளேல பாக்கலாம்னு கொண்டு வந்தாங்க. சாதாரணமா எல்லாருக்கும் சந்தோஷமா இருக்க வேண்டிய விஷயம். ஆனா ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி தள்ளலுக்கு ஒரு இடத்துல தப்பு, இன்னொரு இடத்துல தப்பில்லன்னு முடிவு வந்துச்சு, கோச்சுங்க வெறுத்துப் போயி சேலஞ்ச் பண்றதே வீண்னு விட்டுட்டாங்க, ஒரே சீசன்ல அந்த விதியைக் கைவிட்டாங்க. கை பட்டுச்சான்னு கேமரா காட்டும், அந்தக் கை பட்டது போதுமான அளவுக்குத் தடுத்துச்சான்னு கேமரா காட்டாது. டெஸ் பிரையன்ட் கையை நீட்டினதுல இருந்த அதே சிக்கல்.

இப்ப ஒரு மேட்ச் பாக்கும்போது இப்படி ஒரு சண்டை வந்துச்சுன்னா என்ன பாக்கணும்? முதல்ல பந்து, கையில ஆடாம இருக்கான்னு. அப்புறம் கால், உள்ள ரெண்டு பட்டுச்சான்னு, காலேஜ் ஃபுட்பால்ல ஒரு கால் போதும், இங்க ரெண்டு வேணும். இது ரெண்டையும் ரீப்ளேல நிம்மதியா பாத்துக்கலாம். மூணாவதா அந்த அடியோ நீட்டலோ நேரமோ, அதைப் பாக்கும்போது மட்டும் ஸ்லோ மோஷனை நம்பாதீங்க, முழு வேகத்துல ஒரு தடவை போட்டாங்கன்னா அதைப் பாருங்க. அதோட களத்துல முதல்ல என்ன சொன்னாங்கங்கிறதைக் காதுல வாங்கி வச்சுக்கோங்க, நிறைய பேரு இதைக் கவனிக்கிறதே இல்ல. ஒரே வீடியோ, களத்துல கேட்ச்னு சொல்லியிருந்தா கேட்சாவே நிக்கும், இன்கம்ப்ளீட்டுன்னு சொல்லியிருந்தா இன்கம்ப்ளீட்டாவே நிக்கும், அப்படிப்பட்ட ஆட்டங்கள் நிறைய உண்டு, அது தப்பில்ல, ஆதாரம் போதலன்னா முதல் தீர்ப்பு நிக்கணும்ங்கிறது தான் விதி.

கேமராவால சுத்தமா தீத்து வைக்க முடியுற மாதிரி ஒண்ணும் சொல்லிடுறேன். 2024 செப்டம்பர் 5, சீசனோட முதல் மேட்ச், கான்சஸ் சிட்டி, சீஃப்ஸ் 27 பால்டிமோர் ரேவன்ஸ் 20, கடைசி சான்ஸ், கடிகாரத்துல நேரமே இல்ல. லமார் ஜாக்சன் எறிஞ்சதை எண்ட் ஸோனோட பின்கோட்டு ஓரத்துல ஐசையா லைக்லி பிடிச்சாரு, களத்துல டச்டவுன், ரேவன்ஸ் ஆளுங்க ஓடி வந்து கட்டிப்பிடிக்கிறாங்க. ரீப்ளேல ஷூ நுனி வெள்ளைக் கோட்டு மேல பட்டுட்டு நின்னது தெரிஞ்சுது, கோடுன்னா அது வெளிய தான். பால்டிமோர் ஃபேன்ஸ் அழுதாங்க, ஆனா பிடிச்சாரா இல்லையான்னு யாரும் டிஷர்ட் அடிக்கல.